மீனுக்கு மருந்து தேடும் முன் குட்டைத் தண்ணீரைப் பாருங்கள்!

காலையில் குட்டைக்கரைக்குப் போகும்போது பத்து மீன் செத்து மிதந்தால், பல விவசாயிகள் செய்வது இரண்டே வேலை. செத்த மீனை எடுத்து வாய்க்காலில் வீசுகிறார்கள். அடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறார்கள். கடையில் தருகிற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்து, தவிட்டில் பிசைந்து குட்டையில் போடுகிறார்கள். நாலு நாளில் சாவு நின்றால் மருந்து கேட்டுவிட்டது என்கிறார்கள். நிற்காவிட்டால் அதைவிட விலை கூடிய மருந்து எது என்று விசாரிக்கிறார்கள்.

இந்த இரண்டு வேலையுமே தவறு. முதலாவது நோயை அடுத்த குட்டைக்கு அனுப்புகிறது. இரண்டாவது பணத்தைத் தண்ணீரில் கரைக்கிறது. அதோடு, மீனின் உடம்பில் அதற்குக் காவலாக இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்கிறது. பத்து சென்ட் பண்ணைக்குட்டையில் 400 குஞ்சு விட்டு, பத்து மாதம் தீவனம் போட்டு, விற்கும் நேரத்தில் மொத்தத்தையும் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. அந்த நிலை வராமல் இருக்க, மீனுக்கு நோய் எப்படி வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

கொல்லும் கிருமி எப்போதும் குட்டையில்தான் இருக்கிறது

கெண்டை மீன்களில் புண், வயிறு வீக்கம், செதில் தூக்கி நிற்பது போன்ற தொல்லைகளை உண்டாக்கும் முக்கியமான பாக்டீரியாவின் பெயர் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா. இது எங்கிருந்தோ புதிதாக வருவதில்லை. நன்னீர் உள்ள ஏரி, குளம், குட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. நன்றாக ஓடி விளையாடும் ஆரோக்கியமான மீனின் குடலிலும் இருக்கிறது. அப்படியானால் எல்லா மீன்களும் தினமும் சாகாமல் இருப்பது எப்படி?

மீனுக்கு மூன்று காவல்கள் இருக்கின்றன. முதல் காவல், உடம்பின் மேல் இருக்கும் வழவழப்பு. கையில் பிடித்தால் வழுக்குகிறதே, அதுதான். கிருமியைக் கொல்லும் பொருள்கள் அதில் உண்டு. இரண்டாவது காவல், தோலிலும் செவுளிலும் குடலிலும் குடியிருக்கும் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள். மூன்றாவது, மீனின் ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தி.

இரண்டாவது காவலைப் பற்றித்தான் பலருக்கும் தெரிவதில்லை. உளுந்து, தட்டைப்பயறு வேரில் முடிச்சு கட்டியிருக்கும் ரைசோபியத்தை விவசாயிகள் அறிவார்கள். செடி அதற்கு உணவு தருகிறது. அது செடிக்குத் தழைச்சத்து தருகிறது. மாட்டின் பெருவயிற்றில் வைக்கோலைச் செரிக்கவைப்பதும் நுண்ணுயிர்கள்தான். மீன் குடலிலும் இதே ஏற்பாடு நடக்கிறது. கெண்டை இன மீன்களுக்குத் தனியாக இரைப்பை கிடையாது. மனிதருக்குச் சாப்பாட்டோடு போகும் கிருமிகளில் பெரும்பகுதியை இரைப்பையில் சுரக்கும் அமிலம் கொன்றுவிடுகிறது. கெண்டைக்கு அந்த வசதி இல்லை. அதனால் அதன் குடலில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களின் பங்கு இன்னும் பெரிது. அவை இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு, கெட்ட கிருமி பெருக இடம் தராமல் வைத்திருக்கின்றன. சில நுண்ணுயிர்கள் மீனுக்கு வைட்டமினும் செய்து தருகின்றன. சாதாக்கெண்டை, திலேப்பியா ஆகியவற்றின் குடலில் உள்ள செட்டோபாக்டீரியம் என்ற வகை வைட்டமின் பி12 தயாரிக்கிறது.

ஆராய்ச்சிக்காக நுண்ணுயிர் எதுவும் படாமல் வளர்த்த சிறு மீன்களைக் கொண்டு, 2004-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சாதாரண மீன்களோடு ஒப்பிட்டபோது, நுண்ணுயிர் இல்லாத மீன்களின் குடல் சரியாக வேலை செய்யவில்லை. சத்தைப் பயன்படுத்துவதிலும் நோயை எதிர்ப்பதிலும் குறை தெரிந்தது. ஆகவே, மீனோடு குடியிருக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துத்தான் மீன் வளர்ப்பு.

காவல் எப்போது உடைகிறது?

ஆக்சிஜன் குறைவு: நல்ல வளர்ச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 3-க்குக் கீழே போனால் மீனுக்கு மூச்சுமுட்டல் தொடங்கும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் முன்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். காலை 5 மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது பசி அல்ல, மூச்சுத்திணறல். அதைப் பார்த்துத் தீவனத்தை அள்ளிப் போடுகிறவர்கள் நிலைமையை மேலும் கெடுக்கிறார்கள்.

அம்மோனியா: மீனின் கழிவும், தின்னாமல் அடியில் தங்கிய தீவனமும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். அது செவுளை அரிக்கும். நீரின் கார அமில நிலை 8.5-க்கு மேல் போனாலும், வெயில் ஏறினாலும் அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகும்.

நெருக்கடி: கூட்டு மீன் வளர்ப்பில் ஏக்கருக்கு 4,000 குஞ்சு, அதாவது சென்ட்டுக்கு 40 குஞ்சு என்பது பொதுவான கணக்கு. "பாதி செத்தாலும் பாதி மிஞ்சும்" என்று இரண்டு மடங்கு விடுகிறவர்களின் குட்டையில்தான் பாதிக்கு மேல் சாகிறது.

காயம்: முரட்டு வலையால் இழுப்பது, குஞ்சுகளை நெருக்கி அடைத்துக் கொண்டு வருவது, மீன் பேன் கடிப்பது எல்லாம் வழவழப்பை உரித்துவிடும். அந்த இடம் பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல்.

பருவ மாற்றம்: சித்திரை, வைகாசி வெயிலில் நீர் வற்றிச் சூடேறும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளநீர் வயலின் மருந்தையும் சேற்றையும் குட்டைக்குள் கொண்டுவரும். மார்கழி, தையில் குளிரால் மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும். இந்த மூன்று காலத்திலும் கவனம் கூடுதலாக வேண்டும்.

அடையாளம் பார்த்து நோயை அறியலாம்

ஏரோமோனாஸ் தாக்குதல்: வயிற்றடியிலும் துடுப்பின் அடியிலும் ரத்தச் சிவப்பு, திட்டுத்திட்டான புண், வயிற்றில் நீர் கோத்து வீக்கம், செதில்கள் பலாக்காய் முள் போலத் தூக்கி நிற்பது.

காலம்னாரிஸ்: முதுகில் சேணம் போட்டது போல வெளுத்த திட்டு, வாய் ஓரம் வெள்ளை அல்லது மஞ்சள் படிவு, செவுள் அழுகிப் பழுப்பாவது. பிளேவோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவால் வருகிறது. வெதுவெதுப்பான நீரில், காயம்பட்ட மீன்களில் வேகமாகப் பரவும். புதுக்குஞ்சு விட்ட முதல் வாரத்தில் சாவு வந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

வால், துடுப்பு அழுகல்: துடுப்பின் ஓரம் வெளுத்து, நார்நாராகக் கிழிந்து, கடைசியில் கட்டைபோல் ஆகிவிடும்.

எட்வர்ட்சியெல்லா: கெளுத்தி வகைகளில் அதிகம். தசைக்குள் கட்டி உண்டாகி, கீறினால் துர்நாற்றத்துடன் காற்று வெளிவரும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ்: திலேப்பியாவில் கோடைக்காலத்தில் வரும். மீன் வட்டமடித்துச் சுற்றும். கண் பிதுங்கி வெளுத்துப்போகும்.

கொள்ளைப்புண் நோய்: இந்தியாவில் 1988-ல் முதன்முதலாக வடகிழக்கு மாநிலங்களில் தெரிந்தது, பிறகு நாடெங்கும் பரவியது. விரால், கட்லா, மிர்கால் உடம்பில் ஆழமான சிவப்புப் புண் வரும். மழைக்குப் பின் வரும் குளிர் மாதங்களில் அதிகம். இதன் மூலகாரணம் பாக்டீரியா இல்லை. அபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற நீர்வாழ் உயிரி. பாக்டீரியா பின்னால் வந்து புண்ணைப் பெரிதாக்குகிறது. இதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் மூலகாரணம் அப்படியே இருக்கும்.

வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும் புண்ணுக்குக் காரணம் வேறு வேறாக இருப்பதால்தான், பார்த்தவுடன் மருந்து சொல்வதை நம்பக்கூடாது.

ஆன்டிபயாடிக் ஏன் கைகொடுப்பதில்லை?

முதல் காரணம் எளிது. நோய் முற்றிய மீன் தீவனம் தின்னாது. மருந்து கலந்த தீவனத்தைத் தின்பது பெரும்பாலும் நன்றாக இருக்கும் மீன்கள்தான். நோயாளிக்கு மருந்து போய்ச் சேருவதில்லை. ஆரோக்கியமான மீனின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் சாகின்றன. காலியான இடத்தில் மருந்துக்குச் சாகாத கெட்ட கிருமி குடியேறுகிறது. ஒருமுறை மருந்து போட்ட குட்டையில் அடுத்த மாதமே மறுபடியும் சாவு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரிய ஆபத்து. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியா, அந்தத் தப்பிக்கும் திறனை மற்ற இன பாக்டீரியாக்களுக்கும் கொடுக்கும். குட்டையில் உருவான அந்தத் திறன், வடிகால் வழியாக வாய்க்காலுக்கும், ஆடுமாடு குடிக்கும் நீருக்கும், கைகால் கழுவும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரலாம். நாளை வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலோ புண்ணோ வரும்போது, மருத்துவர் கொடுக்கும் மருந்து கேட்காமல் போகலாம்.

இதனால்தான் அரசு கட்டுப்பாடுகள் வந்தன. குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளை மீன், இறால் வளர்ப்பில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. மருத்துவமனைகளில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்த 2019-ல் இந்தியா தடை விதித்தது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக எதையும் வாங்கிப் போடக்கூடாது.

சாவு தொடங்கினால் முதல் மூன்று நாள் செய்ய வேண்டியவை

முதல் நாள்: தீவனத்தை உடனே நிறுத்த வேண்டும். செத்த மீன்களை வலைக்கூடையால் அள்ளி, குட்டைக்குத் தள்ளிக் குழிவெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். நாய்க்கோ பன்றிக்கோ மற்ற மீனுக்கோ போடக்கூடாது. ஏரேட்டர் இருந்தால் இரவு முழுக்க ஓடட்டும். இல்லாவிட்டால் மோட்டாரால் குட்டை நீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடலாம். நள்ளிரவுக்கு மேல் விடியும் வரை இது மிகவும் அவசியம்.

கால்பங்கு நீரை மாற்றுவது நல்லது. ஆனால் போர்வெல் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. குழாயை நேராகக் குட்டைக்குள் வைக்காமல், கல் அடுக்கின் மேலோ துளையிட்ட தகரத்தின் மேலோ விழுந்து சிதறி வரும்படி செய்ய வேண்டும். வெளியேற்றும் நீரைப் பக்கத்துக் குட்டைக்கோ பொது வாய்க்காலுக்கோ விடாமல், சொந்த நிலத்தின் தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ பாய்ச்சலாம்.

இரண்டாம் நாள்: கார அமில நிலையையும் அம்மோனியாவையும் சோதனைப் பெட்டி கொண்டு பார்க்க வேண்டும். கார அமில நிலை 7.5-க்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 20 முதல் 40 கிலோ சுண்ணாம்பை முந்தைய நாளே நீரில் ஊறவைத்து, ஆறியபின் காலையில் பரவலாகத் தெளிக்கலாம். 8.5-க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பைத் தொடவே கூடாது. அம்மோனியாவின் விஷம் கூடி, பிழைத்திருக்கும் மீனும் சாகும். பரிசோதிக்காமல் சுண்ணாம்பு போடுவதால் வரும் நட்டம் இது.

மூன்றாம் நாள்: நோய் இன்னதென்று தெரிந்த பிறகுதான் மருந்து. கொள்ளைப்புண் நோய்க்குப் புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தை, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீருக்கு 1 லிட்டர் என்ற கணக்கில் பயன்படுத்தலாம். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள பத்து சென்ட் குட்டைக்கு இது 60 மில்லிதான். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடுவதாக இருந்தால் மீன்வளத்துறை அலுவலரிடம் அளவு கேட்டே போட வேண்டும். கண்மதிப்பாகப் போட்டால் பாசி செத்து, அன்று இரவே ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது செத்து நாறிய மீன் பயன்படாது. அழுகலில் எல்லா பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். நோய் அடையாளத்தோடு உயிருடன் இருக்கும் நாலைந்து மீன்களை ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் கொண்டுபோக வேண்டும். தனியாக ஒரு லிட்டர் குட்டை நீரும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாவட்ட மீன்வளத்துறை அலுவலகம், வேளாண் அறிவியல் நிலையம், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள், ஆராய்ச்சி மையங்கள் ஆகியவற்றை அணுகலாம். 2023-ல் ஒன்றிய அரசு தொடங்கிய 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற கைபேசிச் செயலியிலும் படத்துடன் தகவல் தெரிவிக்கலாம்.

நோய் வராமல் காப்பது

அறுவடைக்குப் பிறகு குட்டையை வெடிப்பு விழும் வரை காயவிட்டு, அடிச்சேற்றை அள்ளி வயலுக்குப் போட வேண்டும். பிறகு ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ சுண்ணாம்பு இட்டு நீர் நிரப்ப வேண்டும். குஞ்சுகளை விரல் நீளத்துக்குக் குறையாமல், அறிந்த பண்ணையில் வாங்க வேண்டும். பையோடு 20 நிமிடம் குட்டை நீரில் மிதக்கவிட்டு, நீரின் சூடு சமமான பிறகே விட வேண்டும். அதற்கு முன் 100 லிட்டர் நீரில் 2 கிலோ உப்பு கரைத்து, ஓரிரு நிமிடம் குஞ்சுகளை முக்கி எடுப்பது நல்லது. துள்ளினாலோ சாய்ந்தாலோ உடனே எடுத்துவிட வேண்டும்.

தீவனம் மீன்களின் மொத்த எடையில் 2 முதல் 3 சதவிகிதம் போதும். மேகமூட்டமான நாளில் பாதியாகக் குறைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் நச்சு ஈரலையும் எதிர்ப்புச் சக்தியையும் கெடுக்கும். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக அவகாசம் தேவை.

முழங்கை வரை கையை நீரில் விட்டால் உள்ளங்கை லேசாகத் தெரிய வேண்டும். பாதியிலேயே மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது என்று பொருள். சாணமும் உரமும் போடுவதை நிறுத்த வேண்டும்.

புரோபயாட்டிக் பற்றி

பேசில்லஸ், லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்களைத்தான் புரோபயாட்டிக் என்று விற்கிறார்கள். தீவனத்தில் கலப்பது குடலுக்கு. நீரில் விடுவது அடிச்சேற்றுக் கழிவை மட்கச் செய்வதற்கு. இரண்டும் வேறு வேறு பொருள்கள். நோய் வரும் முன் முறையாகக் கொடுத்துவந்தால் பலன் உண்டு. மீன் சாகத் தொடங்கிய பிறகு மருந்து போல நினைத்துக் கொட்டுவதில் பலன் இல்லை. நீரில் விடும்போது இந்த நுண்ணுயிர்களும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் வெயில் ஏறிய காலையில், ஏரேட்டர் ஓடும்போது விட வேண்டும். சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், பெர்மாங்கனேட் போட்ட நாலைந்து நாளுக்குள் விட்டால் காசு வீண். பாக்கெட்டில் பாக்டீரியாவின் பெயர், அளவு, காலாவதி தேதி மூன்றும் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

விவசாயிகள் அடிக்கடி கேட்பவை

கோழி எருவை நேராகக் குட்டையில் போடலாமா?

வேண்டாம். மட்காத எரு ஆக்சிஜனைக் குடிக்கும், அம்மோனியாவைக் கூட்டும். பண்ணைக்கோழிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கின் மிச்சமும் எருவில் வரலாம்.

மஞ்சள், பூண்டு, வேப்பிலை உதவுமா?

மஞ்சளும் பூண்டும் தீவனத்தில் சிறிதளவு சேர்த்துவந்தால் எதிர்ப்புச் சக்திக்குத் துணை செய்யும். நீர் கெட்டுக்கிடக்கும்போது இவற்றால் சாவை நிறுத்த முடியாது. வேப்பிலையைக் கட்டுக்கட்டாக நீரில் போட்டால் அதுவும் அழுகி ஆக்சிஜனைக் குறைக்கும்.

நோய் வந்த குட்டை மீனைச் சாப்பிடலாமா, விற்கலாமா?

செத்த மீனையும் புண் உள்ள மீனையும் சாப்பிடவோ விற்கவோ கூடாது. கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் அந்த நீரில் இறங்க வேண்டாம். ஏரோமோனாஸ் மனிதரின் காயத்திலும் தொற்றக்கூடியது.

பக்கத்துக் குட்டைக்காரரின் வலையை இரவல் வாங்கலாமா?

வாங்கினால் வெயிலில் முழுதாக ஒரு நாள் காயவைத்த பிறகே உங்கள் குட்டையில் இறக்க வேண்டும். ஈர வலை ஒரு குட்டையின் கிருமியையும் மீன் பேனையும் அடுத்த குட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

படிக்கத் தெரியாதவர்கள் எதை வைத்துக் கவனிப்பது?

விடிகாலையில் மீன் மேலே வருகிறதா, போட்ட தீவனம் மிச்சமாகிறதா, தண்ணீரின் நிறம் நேற்றைவிட மாறியிருக்கிறதா. இந்த மூன்றையும் தினமும் பார்க்க யாராலும் முடியும். இரண்டு நாள் தொடர்ந்து தீவனம் மிச்சமானால், ஒரு மீன்கூடச் சாகாவிட்டாலும் அன்றைக்கே நீரைச் சோதிக்க வேண்டும்.